இரண்டு போர்வைப் படம்

வெள்ளாங்குன்று சுண்ணாம்புக்கல் குவாரியின் குவாட்டர்ஸில் முப்பத்தாறு வீடுகள் இருந்த காலத்தில், முப்பத்தாறுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்த காலத்தில், சித்திரை பிறந்துவிட்டால் கோழிகூட நிழலை விட்டு நகராத காலத்தில், பதினேழாம் நம்பர் வீட்டுக்குள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பனி பெய்தது. பெய்தது என்று சொல்வது கொஞ்சம் கூடுதல்தான். கூரையின் உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொட்டியது. அந்தச் சொட்டு கழுத்தில் விழாதவர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். விழுந்தவர்கள் இப்போது பெரிய ஊர்களில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, என்ன இருந்தாலும் அந்தக் குளிர் வராது என்று சொல்லி, வீட்டில் இருப்பவர்களின் எரிச்சலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினேழாம் நம்பர், மந்திரமூர்த்தியின் வீடு. குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவர் அவர். மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு மூன்று தரம் ஊதும். ஊதியதும் குவாட்டர்ஸில் அடுப்புச் சட்டியை இறக்குவார்கள், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்வார்கள், சுவரில் மாட்டிய கண்ணாடியை யாராவது ஒருத்தர் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சங்குக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு காக்கைகூடக் கத்தாத நேரத்தில், திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வருகிற மனுஷனைப்போல மந்திரமூர்த்தி நடந்து வருவார். ஓடமாட்டார். முப்பத்தோரு வருஷமாக ஓடியதில்லை. அதை வீரம் என்று குவாட்டர்ஸ் சொல்லிக்கொண்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். சிலருக்கு மூக்கில் வாசனை தெரியாது அல்லவா, அதேபோல அவருக்குப் பயம் தெரியாது, அவ்வளவுதான்.

அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து அவர் மனைவி உலகம்மாள் பயந்துகொண்டிருந்தாள். பல்லிக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், வாசலில் சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தால் பயம், ஒரு மணிச் சங்குக்கு முப்பத்தோரு வருஷமும் முதல் நாள் மாதிரியே பயம். இப்படிப்பட்டவளுக்குத்தான் பேய்க்கதை என்றால் உயிர். மகள் சுபாஷினி கல்யாணமாகி மஸ்கட் போய், முதல் லீவில் வரும்போது ஒரு சிடி பிளேயரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "சாமி படமா வாங்கிப் பாரும்மா" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பஸ் ஏறிய மறுநாளே உலகம்மாள் பஸ் ஸ்டாப்பில் சிடி வாடகைக்கு விடும் ஜெபராஜின் கடை வாசலில் நின்று, "தம்பி, பேய்ப்படம் வச்சிருக்கியா, நல்லாப் பயப்படுத மாதிரி" என்று கேட்டாள். யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த பேய்ப்படங்களும் கொலைப்படங்களும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அவன் கடையில் இருந்தன. அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவளுடையது.

அவர்கள் படம் பார்த்த விதத்தை அந்தக் குவாட்டர்ஸில் வளர்ந்த எவரும் நடித்தே காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்புச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் விளக்கிக் கவிழ்த்து, ஜன்னலைச் சாத்தி, மேலே இருக்கிற ஓட்டைக்கெல்லாம் பெட்ஷீட் செருகி, பகலை வெளியே நிறுத்திவிட்டு உட்கார்வாள். ஒரு படத்துக்கு இரண்டு சிடித் தட்டு. தட்டில் கீறல் இருந்தால் மந்திரமூர்த்தி பழைய பனியன் துணியில் பற்பசை தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார். சேலைத் தலைப்பை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு, ஐந்து விரலை விரித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூடியது பெயருக்குத்தான், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் ஒரு சந்து திறந்தே இருக்கும். இன்னொரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். திங்கட்கிழமை குவாரியில் அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நகக்குறி மூன்றென்றால் கொலை, நான்கென்றால் பேய் என்று பேசிக்கொள்வார்கள்.

குளிர் முதலில் வந்தது இப்படித்தான். ஒரு சித்திரைக் கடைசி ஞாயிறு. படத்தில் புதுவீட்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பம், பூட்டிய பீரோ தானாகத் திறக்கிறது. உலகம்மாள் "யம்மா" என்று அவர் மணிக்கட்டை இறுக்கினாள். பக்கத்தில் இருந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்த்தது. மந்திரமூர்த்தியின் கால்விரல் சில்லிட்டது. அந்நேரம் தீப்பெட்டி கேட்டு வந்த பதினெட்டாம் நம்பர் பட்டு, வாசல்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, "என்ன மதினி, இங்க குளுருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். சாயங்கால பஸ்ஸுக்குப் பிச்சிப்பூ கட்டி அனுப்புகிறவள் அவள். போனவள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் வைத்தாள். ஏன் குளிர்கிறது என்று அவள் கேட்கவில்லை, குளிர்ந்தால் பூவை வைக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அதுதான்.

அடுத்த ஞாயிறு இட்லி மாவு வந்தது. அதற்கடுத்த வாரம் பால் வந்தது, பால்கோவா வந்தது, வேர்க்குருவோடு ஒரு கைக்குழந்தை வந்தது, அம்மை இறங்கிய பிள்ளை வந்தது, ஏழுமாத வயிற்றோடு ஒன்பதாம் நம்பர் மருமகள் வந்தாள். ஆடியில் தொழிற்சங்கச் செயலாளர் ஐகோர்ட்துரை, குவாரி வாசல் போர்டில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்: ஞாயிறு மூன்று மணி ஒற்றைப்படை வீடுகள், புதன் நான்கு மணி இரட்டைப்படை வீடுகள், சட்டிகளில் பெயர் எழுதவும். ஐகோர்ட்துரை என்பது அவருடைய சொந்தப் பெயர்தான், அந்தப் பக்கத்தில் அப்படியும் பெயர் வைப்பார்கள். மேனேஜர், கரண்டைத் திருடி எதையோ ஓட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு மீட்டரைப் பார்க்க வந்தவர், அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பார்த்துவிட்டு, காதுக்குக் கட்ட ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். அறிக்கை ஏதும் எழுதவில்லை.

ஜெபராஜ்தான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவன். படம் பார்த்து முடித்த மறுநாள் உலகம்மாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வரும்போது, அவள் சொல்வதை அப்படியே, குளிருக்கு எத்தனை போர்வை பிடித்தது என்ற கணக்கோடு, உறையின் மேல் பேனாவால் எழுதுவான். கடைக்கு வருகிறவர்கள் உறையில் இருக்கும் படத்தைப் பார்க்காமல் அவள் அபிப்பிராயத்தைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். "இந்தப் பேய்க்குத் தலைசீவிவிட ஆளில்லை. பாவமா இருக்கு. ஒரு போர்வை." "அந்தப் பிள்ளை மாடிக்குத் தனியா ஏன் போறா? நாலு தடவை சொன்னேன், கேக்கலை. ரெண்டு போர்வை." "பேயைக் காட்டாத வரைக்கும் பயம். காட்டினதும் நம்ம கிளார்க் மாதிரி இருந்தது. துண்டு போதும்." கிளார்க் அந்த உறையைப் படித்துவிட்டு ஒரு மாதம் பதினேழாம் நம்பர் பக்கம் வரவில்லை.

பேய்ப்படம் என்றால் குளிர், கொலைப்படம் என்றால் காற்று. கொலைப்படத்தில் கதவடியில் தொடங்கி ஈரக்காற்று ஒன்று வீடு முழுக்கச் சுற்றும், கொலைகாரன் யார் என்று தெரிந்த அந்த நிமிஷம் பட்டென்று நின்றுபோகும். அதனால் குவாட்டர்ஸில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் எந்தப் படத்தை எங்கே பார்த்திருந்தாலும் உலகம்மாளிடம் முடிவைச் சொல்லக்கூடாது. ஒருமுறை கிளார்க் வீட்டம்மா வாய்தவறி, "அந்த டாக்டர்தான்க்கா கொன்னது" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பதினெட்டு வீட்டு இட்லி மாவு புளித்தது. மாற்றலாகிப் போகும் வரைக்கும் அந்த அம்மாவுக்கு யாரும் சரியாக முகம் கொடுக்கவில்லை.

இந்தக் குளிர் பிளேயரிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். மஸ்கட் சாமான், அரபு நாட்டு வெயிலுக்கென்று செய்தது, அப்படித்தான் இருக்கும் என்பது ஐகோர்ட்துரையின் கணக்கு. மறுவருஷம் வைகாசியில் தன் மகள் கல்யாணத்தைச் சமுதாயக் கூடத்தில் வைத்தபோது, பிளேயரையும் டிவியையும் இரண்டு போர்வைப் படம் ஒன்றையும் ஊர்வலமாகக் கொண்டுபோய் மணமேடைக்கு எதிரே வைத்தார். நாதஸ்வரம் ஒருபக்கம், பேய் ஒருபக்கம். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் கிணற்றிலிருந்து ஒரு கை எழுந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். குளிர் மட்டும் வரவில்லை. தயிர்ப்பச்சடி புளித்து, சம்பந்தியம்மாளின் பவுடர் வழிந்து, வந்த கூட்டமெல்லாம் முகூர்த்தப் பத்திரிகையால் விசிறிக்கொண்டது. அந்நேரம் உலகம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பிளேயர் வீடு திரும்பியது, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் குளிர்ந்தது. அப்படியானால் வீட்டின் வாஸ்து என்று முடிவாயிற்று.

மந்திரமூர்த்திக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அவள் தென்காசியில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அதே வீட்டில், அதே படத்தைப் போட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தார். வேட்டி நனைந்தது, வியர்வையில். அடுத்த ஞாயிறு அவர் டிவியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்குக்காப்பி போட உலகம்மாள் எழுந்து போனதும் சொட்டு நின்றது, வந்து உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்ததும் கோக்க ஆரம்பித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஐகோர்ட்துரை அதற்கும் ஒரு போர்டு போடுவார், முப்பத்தாறு வீடும் சேர்ந்து அவளை வாரம் முழுக்கப் பயமுறுத்தும். அதோடு, அவள் பயப்படுகிற இடத்தில் தான் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

ஒருநாள் படம் முடிந்து எல்லோரும் சட்டிகளை எடுத்துக்கொண்டு போனபின் உலகம்மாள் கேட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்கு நெசமாவே பயம் வராதா?"

"படந்தானளா. அந்தப் பேய்க்கு வேசம் போட்டவ இந்நேரம் அவ வீட்ல சோறு பொங்கிக்கிட்டு இருப்பா."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சாலும் வரணும்லா. ஒரு நாளாவது பயப்படுங்களேன், எனக்குத் தொணைக்கு."

"பயத்துக்குமா தொணை கேப்ப?"

"ஒத்தையில பயப்படுதது எம்புட்டுக் கஷ்டம்னு ஒங்களுக்கு எங்க தெரியும்" என்றாள்.

அடுத்த வாரம் அவர் உண்மையாகவே முயன்று பார்த்தார். கண்ணைப் பெரிதாக்கினார், மூச்சைப் பிடித்தார், ஒரு இடத்தில் "ஐயோ" என்றுகூடச் சொன்னார். உலகம்மாள் விரல்சந்து வழியாக அவரைப் பார்த்துவிட்டு, "கண்ணு வலிக்கும், விடுங்க" என்றாள். சிரித்துச் சிரித்து அன்றைக்குக் குளிர் அரைமணி நேரம் தாமதமாக வந்தது.

மூன்றாவது கோடையில் ஒரு ஞாயிறு, மலைமேல் பங்களாவில் மழைக்குள் மாட்டிக்கொண்ட ஏழு பேர் படம். ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வருகிறார்கள், வெளியிலிருந்து யாரும் வரவில்லை, ஏழில் ஒருத்தர்தான் செய்கிறார். முதல் தட்டு முடியும்போது மூன்று பேர் மிச்சம். இரண்டாவது தட்டில் கீறல் ஆழம், கட்டம் கட்டமாக நின்று நின்று போனது. ஜெபராஜ் அதை எடுத்துப்போய்ச் சரிசெய்து அடுத்த ஞாயிறு தருவதாகச் சொன்னான். அந்த வாரம் முழுக்க உலகம்மாளுக்கு அதே பேச்சு. "வாத்தியார்தான், எழுதி வச்சுக்கிடுங்க" என்பாள், அரிசி களையும்போது "இல்ல, அந்தப் பொம்பளையா இருக்கும்" என்பாள். குழாயடியில் பட்டு வாயைத் திறந்தாலே, "ஏளா, தெரிஞ்சா சொல்லிராத" என்று காதைப் பொத்திக்கொள்வாள். அந்த வாரம் பதினேழாம் நம்பரில் டிவி போடாமலேயே காற்று இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், "செத்த இருந்துட்டு வாரேன், காப்பி கலக்க" என்று கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படியே இருந்துவிட்டாள். கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இருதயம் என்றார்.

ஐகோர்ட்துரையின் செல்போனில் மஸ்கட்டுக்குப் பேசினார்கள்.  சுபாஷினி சொன்னாள். "இன்னைக்குக் காலைலயே ஃபிளைட்டு இருக்குப்பா. திருவனந்தபுரத்துல எறங்கி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துருவேன். எங்கம்மா மொகத்த நான் பாக்காம எடுத்துராதிய."

"எடுக்க மாட்டோம்" என்றார் மந்திரமூர்த்தி.

அக்கினி நட்சத்திரம். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். டவுனில் இருந்த இரண்டு ஐஸ்பெட்டியும் வேறு துஷ்டி வீடுகளுக்குப் போயிருந்தன. ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்த இரண்டு பாளமும் ஒன்பது மணிக்கெல்லாம் பக்கெட் தண்ணீராகிவிட்டன.  உடல் மத்தியானத்தைத் தாண்டாது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டுதான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நம்ம வீட்டுக் குளிரு இருக்கே, அண்ணாச்சி. அதப் போடுங்க."

குவாட்டர்ஸில் ஒருத்தருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. ஜெபராஜ் ஓடிப்போய்ப் பெட்டியோடு தூக்கி வந்தான், ஜன்னலைச் சாத்தினார்கள், பெட்ஷீட்டைச் செருகினார்கள். தென்காசியிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர் மட்டும், "எழவு வீட்ல பேய்ப்படமா, வெளங்குமா" என்று எழுந்தார். "நீங்க வெளியூரு. கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஐகோர்ட்துரை அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

இரண்டு போர்வைப் படம் ஓடியது. குளிர் வரவில்லை. இன்னொன்று போட்டார்கள். வரவில்லை. பிளேயரைத் தட்டினார்கள், டிவியை வடக்கே திருப்பினார்கள், வாஸ்து தெரிந்த ஒருத்தர் விளக்கை இடம் மாற்றிப் பார்த்தார். உலகம்மாளின் நெற்றியில் வைத்த குங்குமம் வெக்கையில் இளக ஆரம்பித்ததைப் பார்த்தபோதுதான் மந்திரமூர்த்தி பேசினார்.

"அது மெசின் இல்ல. வீடும் இல்ல. அவதான். அவ பயப்பட்டாத்தான் குளுரும்."

 மூன்று கோடை தாங்கள் பால் வைத்தது, பூ வைத்தது, பிள்ளையைக் கிடத்தியது எல்லாம் எதன்மேல் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பர் மருமகள் இடுப்புப் பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு ஐகோர்ட்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நாம பயப்படுவோம். எல்லாரும் உக்காருங்க."

முப்பத்தாறு வீடும் உட்கார்ந்து பயப்படப் பார்த்தது. அந்தக் கூட்டத்தைப்போல இன்னொரு கூட்டத்தை அந்தக் குவாரி பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் மனப்பாடமான படங்கள். "இப்பக் கை வரும்" என்றது ஒரு பிள்ளை, கை வந்தது. "இப்ப லைட்டு போவும்" என்றது இன்னொன்று, போனது. பட்டு பேயைப் பார்த்து அழுதாள், அழுகைக்கு வெக்கைதான் கூடியது. பன்னிரண்டு மணிக்கு ஐகோர்ட்துரை மந்திரமூர்த்தியின் பக்கத்தில் வந்து குனிந்து, "ஒரு மணிக்கு எடுத்துருவோம், அண்ணாச்சி. பிள்ளைகிட்ட நான் பேசுதேன்" என்றார். 

 மந்திரமூர்த்தி ஜெபராஜைப் பார்த்து, "அந்த ரெண்டாம் தட்டு சரியாயிட்டா?" என்று கேட்டார்.

"ஆயிட்டுது, அண்ணாச்சி."

"போடு. அவ பாதியில விட்டது. பாத்துட்டுப் போகட்டும்."

பிச்சிப்பூ வாடிக்கொண்டிருந்த தலைமாட்டில், எப்போதும் உட்காரும் பக்கத்தில், அவர் உட்கார்ந்தார். எப்போதும் வைக்கிற மாதிரி மணிக்கட்டை அவள் கைக்கு அடியில் கொடுத்தார். படத்தில் மழை பெய்தது, மூன்று பேரும் மூன்று மூலையில் நின்றார்கள், விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். இந்த இடத்தில் பிடிப்பாள் என்று அவர் மணிக்கட்டுக்குத் தெரியும், மூன்று கோடையாகப் பழகிய மணிக்கட்டு, தானாகவே இறுகிக் காத்துக்கொண்டிருந்தது. பிடி வரவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் ஏறியது, இங்கேயாவது பிடிப்பாள் என்று நினைத்தார். வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. துஷ்டி விழுந்தால் உடல் எடுக்கும் வரைக்கும் குவாரியில் வெடி கிடையாது என்பதால் அன்றைக்குச் சங்கு ஊதவில்லை. முப்பத்தோரு வருஷமாக அந்த நேரத்தில் அவர் கடந்து வந்த நிசப்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த நிசப்தத்தை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை, ஏனென்றால் அதன் முடிவில் ஒரு சத்தம் வரும், சத்தம் வந்ததும் வீட்டில் ஒருத்தி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு உலை வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். இந்த நிசப்தத்துக்கு முடிவில்லை. நாளைக்கு ஒற்றை டம்ளர், நாளை மறுநாள் ஒற்றை டம்ளர், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு யாரும் ஜன்னலைச் சாத்தப்போவதில்லை, அவர் கையில் இருக்கும் மூன்று நகக்குறியும் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். மந்திரமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகப் பயம் வந்தது. இதைத்தான் இவள் தினமும் சுமந்துகொண்டு கோலம் போட்டாளா, குழம்பு வைத்தாளா என்று நினைத்தார். ஓட வேண்டும்போல இருந்தது. எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

கரண்ட் போயிற்று. அந்தக் கோடையில் தினமும் போவதுதான். கொலைகாரன் யார் என்று திரும்பும் நேரத்தில் டிவி கறுத்து, மழைச் சத்தம் நின்றது. எல்லாம் முடிந்தது என்று ஐகோர்ட்துரை எழுந்தார். எழுந்தவர் தன் கையைப் பார்த்தார், மயிர்க்கால் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கறுத்த டிவியைப் பார்த்தபடி மந்திரமூர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியிலிருந்து குளிர் கிளம்பி, பாயில் ஏறி, சுவரில் ஏறி, கூரை முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. சொட்டு விழவில்லை, உறைந்துபோயிற்று. உலகம்மாளின் தலையில் இருந்த பிச்சி, கொடியிலிருந்து அப்போதுதான் பறித்ததுபோல விறைத்துக்கொண்டது. வாயிலிருந்து புகை வந்தது எல்லோருக்கும்.  பட்டு வீட்டுக்குப் போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் முதுகில் போட்டாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது.

ஐந்தரை மணிக்குச் சுபாஷினி வந்தாள். அம்மாவின் முகம், படத்தில் அடுத்து என்ன என்று காத்திருக்கிற முகமாக, கொஞ்சமும் மாறாமல் இருந்தது. அவள் அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து நெடுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்தபின்தான் அவளுக்குக் குளிர் உறைத்தது. கடிதத்தில் எல்லாம் படித்திருந்தாள், வேடிக்கை என்று நினைத்திருந்தாள். போர்வைகளுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"பயமா இருக்காப்பா?"

"ஆமாளா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். குளிர் மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று நின்றது, ஆவணிக் காற்றில்தான் மெல்லக் குறைந்தது. அத்தனை நாளும் அந்தக் குளிரில் யாரும் ஒரு கிண்ணம் மாவு வைக்கவில்லை, ஒரு முழம் பூ வைக்கவில்லை. அது அவருடைய குளிர் என்று குவாட்டர்ஸுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சட்டி இல்லாமல் வந்தார்கள், ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவரோடு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அந்த ஏழு பேரில் கொலைகாரன் யார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

குவாரி மூடிவிட்டது. வீடுகளை இடித்துவிட்டார்கள். ஜெபராஜ் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறான், தட்டெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு உறையை மட்டும் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். அதைக் கேட்டால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளைப் பற்றிச் சொல்வான். மந்திரமூர்த்தி அன்றைக்கு இரண்டு தட்டையும் திருப்பிக் கொடுக்க, வெயிலில் போர்வையோடு நடந்து வந்தார். உறையில், முதல் தட்டு பார்த்தபின் உலகம்மாள் சொல்லி அவன் எழுதியது இருந்தது: "பாதிதான் பாத்திருக்கேன். யாருன்னு சொல்லிராதீங்க." அதற்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.  ஜெபராஜ் பழக்கத்தில் பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "படம் எப்படின்னு போட, அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டான்.

மந்திரமூர்த்தி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டு பேரும் பயந்தோம்னு எழுது" என்றார்.